மாட வீதி பக்கத்தில் பிளாட் விற்பனைக்கு! மண் யாருக்குச் சொந்தம்?

சென்னை மயிலாப்பூரில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்று விலைக்கு வந்தால் போதும். போர்டு மாட்டுவதற்குள் தரகர்கள் மொய்த்து விடுகிறார்கள்.

"ஸார், ஜன்னலைத் திறந்தா கோபுரம் தெரியும். அஞ்சு நிமிஷம் நடந்தா ரயில். நாளைக்கே இன்னொரு பார்ட்டி அட்வான்சோட வர்றாங்க!"

இதுதான் வழக்கமான பல்லவி. இதில் முக்கால்வாசி நிஜமும்கூட! கபாலீசுவரர் கோயில், தெப்பக்குளம், மாட வீதிகள், லஸ் முனை, சாந்தோம் கடற்கரை எல்லாம் நடை தூரம். கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயில் 1997-ல் திருமயிலைக்கு வந்தது. 2007-ல் அது வேளச்சேரி வரை நீண்டது. மெட்ரோ ரயிலின் 2-ம் கட்டத்தில் மாதவரம்-சிப்காட் பாதையும், கலங்கரை விளக்கம்-பூந்தமல்லி பாதையும் திருமயிலையில்தான் பூமிக்கடியில் சந்திக்கின்றன.

பிறகு விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆனால் தரகர் சொல்லாத சமாச்சாரம் ஒன்று உண்டு. அது வீட்டுக்குள் இல்லை. வீட்டுக்கு அடியில் இருக்கிறது!

கோயில் மனையா?

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான மனைகள் ஏராளம். தலைமுறை தலைமுறையாக வாடகைக்கும் குத்தகைக்கும் இருப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட மனையில் நிற்கும் கட்டடத்தை வாங்கினால், கைக்கு வருவது செங்கல் மட்டுமே. மண் சாமியுடையது!

1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, இப்படிப்பட்ட பத்திரத்தைப் பதிவு செய்யவே தடை போடுகிறது. "அதெல்லாம் பார்த்துக்கலாம் ஸார்" என்று யாராவது சொன்னால் உஷார்!

பங்கு எத்தனை சதுர அடி?

பிளாட் வாங்குகிறவருக்கு மனையில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. உதாரணத்துக்கு, இரண்டு கிரவுண்டு மனை என்றால் 4,800 சதுர அடி. அதில் ஒரே அளவில் எட்டு வீடுகள் இருந்தால் ஆளுக்கு 600 சதுர அடி. எட்டுப் பத்திரங்களிலும் உள்ள பங்கைக் கூட்டிப் பாருங்கள். 4,800-ஐத் தாண்டினால் யாரோ ஏமாந்திருக்கிறார்!

மொட்டை மாடியில் பிற்பாடு எழுப்பிய ஒன்பதாவது வீடு என்றால் இன்னும் ஜாக்கிரதை. அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த வீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய கட்டடத்துக்கு இந்தப் பங்குதான் உயிர். சுவர் விரிசல் விடும், கம்பி துருப்பிடிக்கும். 2022-ம் ஆண்டின் அடுக்குமாடி உரிமையாளர் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அந்த நாளில் பேசப்போவது டைல்ஸும் அலமாரியும் அல்ல, மண்ணில் உள்ள பங்குதான்!

அண்ணன் விற்றார், தங்கை வந்தார்!

விற்பவரின் தகப்பனார் பேரில் இருந்த வீடா? அவர் உயில் எழுதாமல் காலமாகி விட்டாரா? 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி எல்லோருக்கும் பங்கு உண்டு. அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. சாவியை வைத்திருக்கும் ஒரு பிள்ளையின் கையெழுத்து மட்டும் போதாது. அமெரிக்காவில் இருக்கும் தங்கையின் கையெழுத்தும் வேண்டும்.

"பவர் இருக்கு" என்பது அடுத்த வசனம். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அவர் போனால் சாதாரண பவரும் கூடவே போய் விடும்.

"அசல் பத்திரம் தொலைஞ்சு போச்சு" என்றால், பத்திரம் எங்காவது அடமானத்தில் தூங்கிக் கொண்டிருக்கலாம். அசலை ஒப்படைத்து வாங்கிய கடன் எல்லாம் வில்லங்கச் சான்றில் தெரியும் என்று நினைப்பது தப்பு. பதிவாகாத கடன் அதில் வராது. அசலைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்?

பேசிய விலையோடு கணக்கு முடியாது. பழைய பிளாட்டை மறுவிற்பனையில் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் என்றால் 9 லட்சம் தனி. தரகர் கமிஷன், வக்கீல் பீஸ் வேறு!

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று ஒரு நல்ல வக்கீலிடம் காட்டலாம். அதற்கு ஆகிற செலவு, கோர்ட்டுக்கு அலைகிற செலவில் தூசு.

இன்னொரு பார்ட்டி நாளைக்கே வருகிறாரா? தாராளமாக வரட்டும். பத்திரத்தைப் படிக்காமல் அவர் வாங்கினால் வம்பு அவருக்கு!