சுமை அறிந்து வண்டி

தில்லியின் நெருக்கமான தெருக்களில் நாள்தோறும் சிறு சரக்கு வண்டிகள் விரைகின்றன. 2005ஆம் ஆண்டு டாடா நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘ஏஸ்’ அவற்றுள் புகழ்பெற்றது. அதனை இந்தியில் ‘சோட்டா ஹாத்தி’ என்பர். தமிழில் ‘குட்டி யானை’ என்பர். பெயர் யானையாயினும் அதன் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு.

தொழிலுக்கு வண்டி வாங்குவோர் முதலில் தம் சுமையை அளந்தறிதல் வேண்டும். சுமைக்கு எடை, இடம் என இரு அளவுகள் உண்டு. அரிசி மூட்டைகள் சிறிய இடத்தில் அடங்கும், எடையோ மிகுதி. அப்பளக் கட்டுகள் எடை குறைந்தவை. ஆயினும் வண்டியை விரைவில் நிரப்பிவிடும். ஆகவே அரிசி வணிகர் வண்டி தாங்கும் எடையையும், அப்பள வணிகர் சரக்கு ஏற்றும் பகுதியின் நீள அகலத்தையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

தாங்கும் எடையைக் கணக்கிடுதல் எளிது. வண்டியின் பதிவுச் சான்றிதழில் சுமையோடு கூடிய மொத்த எடையும் வெற்று எடையும் குறிக்கப்பட்டிருக்கும். முன்னது 1,600 கிலோ, பின்னது 900 கிலோ எனக் கொள்வோம். வேறுபாடு 700 கிலோ. அதில் ஓட்டுநர், உதவியாளர் இருவரின் எடை 140 கிலோவைக் கழித்தால் 560 கிலோ எஞ்சும். 25 கிலோ மூட்டைகள் 22 ஏற்றலாம்.

மேலும் எட்டு மூட்டைகளை ஏற்றினால் ஒரு பயணம் மிச்சமாகும் எனச் சிலர் எண்ணுவர். மிகுசுமை ஏற்றிய வண்டி, பிரேக்கை மிதித்தாலும் உரிய தொலைவில் நிற்பதில்லை, டயரும் வெடிக்கக்கூடும். அவ்வேளை சாலையைக் கடப்போரின் உயிருக்கே அது கேடாகும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மிகுசுமைக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் தண்டம் உண்டு.

தேவைக்கு மேற்பட்ட பெரிய வண்டியை வாங்குதலும் தகாது. கடன் தவணையும் எரிபொருட்செலவும் வருவாயைக் கரைத்துவிடும். குறுகிய சந்துகளில் வண்டி நுழையாது. அன்றாடச் சுமைக்குப் பொருந்திய வண்டியை வாங்கி, விழாக்காலச் சுமைக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு அமர்த்துதலே சிக்கனம்.

மெல்லிய மயிலிறகாயினும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்பதைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உணர்த்துகிறார். மாட்டுவண்டிக் காலத்து அவ்வறிவுரை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.

சொற்பொருள்
வெற்று எடை – சுமை ஏற்றாத வண்டியின் எடை
தண்டம் – அபராதம்
அச்சு – சக்கரங்களைத் தாங்கும் தண்டு

பயிற்சி
1. அரிசி வணிகரும் அப்பள வணிகரும் வண்டியில் முதலில் நோக்க வேண்டியவை யாவை?
2. மொத்த எடை 2,800 கிலோ, வெற்று எடை 1,600 கிலோ, வண்டியில் செல்லும் இருவரின் எடை 150 கிலோ எனில், 50 கிலோ மூட்டைகள் எத்தனை ஏற்றலாம்?
3. நீவிர் வாழும் பகுதியில் சிறு சரக்கு வண்டியை எப்பெயரால் அழைக்கின்றனர்? கேட்டு எழுதுக.