பதினைந்து முறை வந்த ஆபா
(வீடு தேடி வந்தவர்கள் – 9)

போன வாரம் உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பற்றிப் பார்த்தோம். 1968இல் அதைச் சோதித்துக் காட்டிய ஊர் டாக்கா. அங்கே மொகாகாலியில் இருக்கும் ஆஸ்பத்திரியை மக்கள் இன்றும் ‘காலரா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள். இந்த வாரமும் அதன் வாசலிலிருந்தே தொடங்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உயிர் போகாமல் தடுக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்து ஒரு கேள்வி எழுந்தது. பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் புட்டியிலிருந்துதான். அந்தப் பிள்ளைகள் தாய்ப்பாலும் குடித்தார்கள். கூடவே சர்க்கரைத் தண்ணீர், பசும்பால், தண்ணீர் அதிகமாக விட்டுக் கரைத்த பால்பவுடர் என்று ஏதாவது ஒன்று உள்ளே போனது. கொதிக்க வைக்க விறகில்லாத வீட்டில் புட்டியை எதைக் கொண்டு கழுவுவது? டின் விரைவில் தீர்ந்துவிடும் என்று நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போடுகிறவளை யார் குறை சொல்ல முடியும்?

ஆஸ்பத்திரி அந்தப் பிள்ளைகளைத் தேற்றி அனுப்பியது. ஆனால் அவர்கள் திரும்பிப் போனது அதே வீட்டுக்கு, அதே புட்டிக்கு. ருக்‌ஷானா ஹைதர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தொண்ணூறுகளில் இந்த இடத்தில்தான் குறுக்கே நின்றார்கள். சேர்க்கப்பட்டிருக்கும் பிள்ளையின் தாயோடு உட்கார்ந்து பேசுவது, வீட்டுக்கு அனுப்பும் முன் மறுபடி பேசுவது, ஒரு வாரம் கழித்து வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. செய்தது இவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, இப்படிப் பேசப்பட்ட தாய்மார்களில் நூற்றுக்கு 75 பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேசப்படாதவர்களில் 8 பேர்.

அந்தத் தாய்மார்கள் முன்பு ஏன் தாய்ப்பால் மட்டும் கொடுக்கவில்லை? தாய்ப்பாலின் அருமை தெரியாமல் இல்லை. அவர்கள் சொன்ன காரணத்தை நம் ஊரிலும் கேட்டிருப்பீர்கள்: “பால் பத்தலை.”

இந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாளில் மார்பில் ஊறுவது சீம்பால். மஞ்சளாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி போதும் என்பது அருகில் இருக்கும் யாருக்கும் தெரியாது. பிள்ளை அழுகிறது, வீட்டில் ஒருவர் தேனைத் தொட்டு வைக்கிறார். நம் பக்கம் சேனை வைப்பது போலத்தான் அங்கும் தேன், சர்க்கரைத் தண்ணீர், கடுகெண்ணெய். வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் வாய் வைக்காது. பிள்ளை உறிஞ்சாத மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நான்காம் நாள் பார்த்தால், பால் உண்மையிலேயே குறைந்திருக்கும். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்பார் மாமியார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் அவர் மாமியார் அதைத்தான் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. “நானே ஒருவேளைதான் சாப்பிடுகிறேன், எனக்கு எப்படிப் பால் வரும்?” ஏழைத் தாயின் இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் உடல் அப்படிச் செய்வதில்லை. ஓரளவு ஊட்டக்குறைவு உள்ள பெண்ணுக்கும் பிள்ளைக்கு வேண்டிய பால் சுரக்கும். தன் உடம்பைக் கரைத்துக்கொண்டாவது சுரக்கும். அவளுக்குச் சோறு வேண்டும், அவளுக்காகவே வேண்டும். அதைச் சாக்காக வைத்துப் பிள்ளையின் கையில் புட்டியைக் கொடுப்பது இரண்டு பேருக்கும் கெடுதல்.

ஆஸ்பத்திரியில் கற்றதை ஹைதரின் குழு தெருவுக்குக் கொண்டுபோனது. டாக்காவின் 40 பகுதிகளில், வசதியில்லாத, கீழ்நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த 720 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். 20 பகுதிகளுக்கு வீடு தேடி ஒருவர் வருவார். மற்ற 20க்கு வரமாட்டார். வருகிறவர் மருத்துவரல்ல, நர்சும் அல்ல. அதே பகுதியில் வாழும், தானும் பால் கொடுத்து வளர்த்த ஒரு தாய். பத்து நாள் பயிற்சி, மொத்தம் 40 மணி நேரம். வங்கதேசத்தில் வீட்டுக்கு வரும் இப்படிப்பட்ட பெண்ணை ‘ஆபா’ என்பார்கள். நமக்கு அக்கா.

ஆபா 15 முறை வந்தார். பிரசவத்துக்கு முன்பே இரண்டு முறை. பிள்ளை பிறந்த முதல் நாட்களில் மூன்று முறை. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை. இந்தக் கணக்கை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எதையும் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பது திட்டம் போடுகிறவர்களின் பழக்கம். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாய் வலிக்கிறது. பத்தாம் நாள் காம்பு வெடித்து இரத்தம் கசிகிறது. இரண்டாம் மாதம் பிள்ளை காரணமில்லாமல் மாலை முழுக்க அழுகிறது. நான்காம் மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஒவ்வொரு முறையும் யாராவது வர வேண்டும்.

வந்து என்ன செய்தார்? இந்தப் பயிற்சியில் முதலில் கற்றுத்தருவது பேசுவதை அல்ல, கேட்பதை. தாய் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். அவள் சரியாகச் செய்யும் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் யோசனை, அதுவும் ஒன்றோ இரண்டோ. பிறகு பிள்ளை பால் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும், புண்ணாகும், பாலும் வராது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகுமாறு கவ்வ வேண்டும். கீழுதடு வெளியே மடங்கி, முகவாய் மார்பைத் தொட வேண்டும். இதைத் துண்டுப் பிரசுரத்தில் படித்துக் கற்க முடியாது. ஒருவர் தோளைத் திருப்பி, பிள்ளையின் தலையைச் சற்று நகர்த்திக் காட்ட வேண்டும். வலி அந்த நிமிடமே குறையும்போது தாயின் முகத்தில் வரும் நம்பிக்கை எந்தச் சுவரொட்டியாலும் வராது.

பால் போதுகிறதா என்று பார்க்க மார்பைப் பார்க்க வேண்டாம், துணியைப் பாருங்கள் என்பார் ஆபா. முதல் வாரம் கழிந்த பிள்ளை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடி வந்தால் போதும். கோடையில்கூடத் தனியே தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். இவற்றைத் தாய்க்கு மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரிந்ததால், மாமியாரையும் கணவரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். முடிவெடுப்பது பல வீடுகளில் அவர்கள்தானே.

முடிவுகள் 2000ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வந்தன. ஐந்தாம் மாதத்திலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள், ஆபா வந்த பகுதிகளில் 288 பேரில் 202 பேர். வராத பகுதிகளில் 285 பேரில் 17 பேர். நூற்றுக்கு 70, நூற்றுக்கு 6. ஒரே நகரம், ஒரே வறுமை, ஒரே மாமியார்கள். வித்தியாசம், கதவைத் தட்டிய ஒரு பெண்.

பத்தாண்டு கழித்து வங்கதேசத்தில் பிராக் போன்ற தொண்டு அமைப்புகள் இதே வழியைப் பெரிய அளவில் கையாண்டன. கிராமத்துத் தொண்டர்களான ‘ஷாஸ்தோ ஷேபிகா’க்கள் வீடு வீடாகப் போனார்கள், தொலைக்காட்சி விளம்பரங்களும் ஓடின. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 2007இல் நாடு முழுவதும் 43 விழுக்காடு. 2011இல் 64. ஆனால் 2014 கணக்கெடுப்பில் 55 ஆக இறங்கியது. ஒருமுறை ஏறியது தானாக நிற்கும் என்று நம்பக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் புதிய தாய்மார்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் முதல் நாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆபாவால் முடியாத இடங்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் மூன்று நாடுகளில் இதே முறையைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். பிள்ளைக்கு 12 வாரம் ஆனபோது தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள், உகாண்டாவில் யாரும் வராத பகுதிகளில் 44 விழுக்காடு, வந்த பகுதிகளில் 82. புர்கினா ஃபாசோவில் 35க்கு 79. தென்னாப்பிரிக்காவில் 6க்கு 10, அவ்வளவுதான். அங்கே எச்.ஐ.வி. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்க, அரசு மருத்துவ நிலையங்களே பால்பவுடரை இலவசமாகக் கொடுத்துவந்தன. அரசே டின்னைக் கையில் கொடுக்கும்போது, பக்கத்துத் தெருப் பெண் வந்து வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? அந்த இலவசத்தை நிறுத்த அரசு 2011இல் முடிவெடுத்தது.

வங்கதேசத்தில் அப்படி ஒரு தடை ஆலை வாசலில் நிற்கிறது. இலட்சக்கணக்கான இளம்பெண்கள் ஆயத்த ஆடை ஆலைகளில் தைக்கிறார்கள். நாம் போடும் சட்டையின் கழுத்துப் பட்டையைத் திருப்பினால் அவர்கள் நாட்டின் பெயர் இருக்கலாம். அவர்களில் ஒருத்திக்கு ஆபா 15 முறை வரலாம், எல்லாம் கற்றுத் தரலாம். பாலைக் கையால் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுப் போகலாம், சில மணி நேரம் கெடாது, வீட்டிலிருப்பவர் பாலாடையில் புகட்டலாம் என்றும் சொல்லலாம். ஆனால் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு நடுவில் பீய்ச்ச இடமும் நேரமும் தராவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பு குறையும், புட்டி வந்துவிடும். அதற்கு ஆபாவிடம் பதில் இல்லை. சட்டம்தான் பதில் சொல்ல வேண்டும்.

2006ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அவளுக்கு 16 வாரம் மகப்பேறு விடுப்பு என்றது: பிரசவத்துக்கு முன் 8, பின் 8. பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய காலம் 26 வாரம். 2011இல் வங்கதேச அரசு விடுப்பை ஆறு மாதமாக உயர்த்தியது, தன் ஊழியர்களுக்கு மட்டும்.