இணையதளமும் இல்லத்து வருமானமும்

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், ஓய்ந்த பொழுதைச் சிறிது பொருளாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் புதியதன்று. அப்பளமும் வடகமும் இட்டு அண்டை வீடுகட்கு விற்ற இல்லங்கள் மாதுங்காவிலும் உண்டு, கரோல்பாகிலும் உண்டு, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுப் பகுதியிலும் உண்டு. மாலை வேளைகளில் பாட்டும் வீணையும் கற்பித்தோர், தையற்பொறியை நம்பியோர், ஆயுள் காப்பீட்டு முகவராகப் படியேறி இறங்கியோர் என அவ்வரிசை நீண்டது. இப்பொழுது அவ்வரிசையில் ஒரு புதிய தொழிலும் வந்து நிற்கின்றது. ஏதேனும் ஒரு சிறு பொருளைப் பற்றி இணையதளம் ஒன்றை அமைத்து, அதில் இடம்பெறும் விளம்பரங்களால் வருமானம் பெறுவதே அது. கணவருக்கு மாற்றல் வந்தமையால் தம் வேலையைத் துறந்து உடன் வந்த பெண்மணிகள், ஓய்வூதியத்தில் காலம் கழிக்கும் பெரியோர், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஆகிய மூவகையினரும் இது பற்றி ஆவலோடு வினவுகின்றனர். அவ்வாவலுக்குக் காரணம் உண்டு. கடை வேண்டா, பெருமுதல் வேண்டா, ஊர்மொழி தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. மாற்றல் ஆணை வந்தால் கணிப்பொறியோடு தொழிலையும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படலாம்.

ஆயினும், எவ்வளவு கிடைக்கும், எவ்வாறு கிடைக்கும் என்பதை அறியாமல் இறங்குவோர் பொருளையும் பொழுதையும் ஒருங்கே இழப்பர். ஆதலின் இதன் உள்ளும் புறமும் சற்று விரிவாக நோக்குவோம்.

சிறு பொருள் என்று நாம் கூறுவது உண்மையிலேயே சிறியதாக இருத்தல் வேண்டும். சமையல் என்பது கடல். தென்னிந்தியச் சமையல் என்பதும் கடலே. அங்கே பெரிய பத்திரிகைகளும் பெரிய நிறுவனங்களும் கப்பல் ஓட்டுகின்றன. 'டில்லிக் குளிரில் தோசைமாவைப் புளிக்க வைப்பது எப்படி' என்பதோ ஒரு குளம். அதன் அடித்தரை நம் கண்ணுக்குத் தெரியும். அதைப் பற்றி ஐம்பது பக்கங்கள் எழுதக்கூடியவர் டில்லியில் பத்து ஆண்டுகள் மாவு அரைத்தவரேயன்றி வேறு யாராய் இருத்தல் கூடும்?

இனி, பணம் வரும் வழியைக் காண்போம். கூகுள் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் ஆட்சென்ஸ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கிற்று. தளத்தை நடத்துவோர் விளம்பரதாரரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. பக்கத்தில் சிறிது இடம் ஒதுக்கிவிட்டால், கூகுளே விளம்பரத்தைக் கொணர்ந்து இட்டு, விளம்பரதாரர் தரும் தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பங்கைத் தளத்தாருக்கு அளிக்கின்றது. மற்றொரு வழி தரகு. அமெசான் நிறுவனம் 1996-ஆம் ஆண்டிலேயே இதனைத் தொடங்கியது. நம் பக்கத்திலிருந்து ஒருவர் அதன் கடைக்குச் சென்று 24 மணி நேரத்திற்குள் பொருள் வாங்கினால் நமக்குச் சிறு பங்கு கிடைக்கும். அப்பங்கின் அளவைக் குறைக்கவும் கூட்டவும் கடைக்காரருக்கே உரிமை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அறைகலன்களுக்கு உரிய தரகை நூற்றுக்கு 8-லிருந்து 3-ஆக அமெசான் குறைத்தபோது, அதனையே நம்பியிருந்த தளத்தார் ஒரே நாளில் பாதிக்கு மேற்பட்ட வருமானத்தை இழந்தனர்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தல் நலம். ஓராயிரம் முறை பக்கங்கள் பார்க்கப்பட்டால் அரை டாலர் கிடைப்பதாகக் கொள்வோம். பொருளுக்கும் நாட்டுக்கும் ஏற்ப இது கூடவும் குறையவும் செய்யும். மாதம் பதினாயிரம் முறை பார்க்கப்படும் தளத்திற்கு, இக்கணக்கின்படி, ஐந்து டாலர் சேரும். கணக்கில் 100 டாலர் நிறைந்தாலன்றிக் கூகுள் பணம் அனுப்புவதில்லை. எனவே முதல் தொகை கைக்கு வர இருபது மாதங்கள் ஆகும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்திற்கு 425 ரூபாய். தளத்தின் பெயரைப் பதிவு செய்து புதுப்பிக்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகும்; தளத்திற்கு இடம் வாடகைக்கு எடுத்தால் மேலும் சில ஆயிரம். மாதம் பதினாயிரம் பார்வை என்பதும் தொடக்கத்தில் எளிதில் எட்டும் எண்ணன்று. பால் கணக்கிற்குக் கூடப் போதாதே என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். முகஞ்சுளிப்போர் தொடங்காமல் இருப்பதே நன்று. இதைப் பொழுதுபோக்கு என்று எண்ணித் தொடங்கியோருக்கு அத்தொகை மகிழ்ச்சி தருகின்றது. குடும்பச் செலவுக்கு என்று எண்ணித் தொடங்கியோருக்கு அதே தொகை துயரம் தருகின்றது.

மாற்றலில் அலையும் நம் போன்றோர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், நம் முகவரி மெய்தானா என்று அறிய, இரகசிய எண் ஒன்றைக் கூகுள் அஞ்சலில் அனுப்புகின்றது. நான்கு மாதங்களுக்குள் அவ்வெண்ணைத் தளத்தார் பதிந்தாக வேண்டும். தவறினால் விளம்பரங்கள் நின்றுவிடும். அலுவலகக் குடியிருப்பை விட்டு வேறு ஊருக்குச் சென்ற குடும்பத்தின் கடிதம் பழைய வீட்டின் பெட்டியில் கிடந்தால் என்ன பயன்? கணினி யுகத்தின் உச்சியில் ஏறியும் இறுதியில் தபால்காரரையே எதிர்நோக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

இன்னும் ஒரு செய்தி. நம்மவர் பாசம் மிக்கவர். இன்னார் மகள் தளம் நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டால், திருச்சியில் இருக்கும் பெரியம்மாவும் சென்னையில் இருக்கும் மாமாவும் நாள்தோறும் அத்தளத்தைத் திறந்து, விளம்பரங்களை அழுத்தி அழுத்தி உதவத் தொடங்கிவிடுவர். இதைப் போன்ற தீங்கு வேறில்லை. தாமாக அழுத்துவதும், உற்றாரை அழுத்தச் சொல்வதும் விதிகளுக்குப் புறம்பானவை. கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கு மூடப்படும். சேர்ந்த தொகை விளம்பரதாரருக்கே திரும்பும். உறவினருக்கு முதல் நாளே இதனை எடுத்துக் கூறிவிடுதல் முறை.

இத்தொழிலின் மெய்யான ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. தளம் நம்முடையதாயினும், அதற்கு வரும் பாதை நம்முடையதன்று. பெரும்பாலோர் தேடுபொறியின் வழியே வருகின்றனர். அப்பாதையைத் திருப்பும் கை கூகுளுடையது. 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்ற மாற்றம் வந்தபோது, விளம்பரத்திற்கென்றே எழுதிக் குவிக்கப்பட்ட தளங்கள் சரிந்தன. அது தக்க தண்டனை என்று நாம் கருதுவதில் பிழையில்லை. ஆனால் 2022 ஆகஸ்டு முதல் அடுத்தடுத்து வந்த மாற்றங்களில் நல்லவரும் அகப்பட்டனர். ஹவுஸ்ஃப்ரெஷ் என்பது காற்றுச் சுத்திகரிப்பான்களை ஆராயும் சிறிய தளம். டில்லியில் வாழ்வோருக்கு இக்கருவியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. கருவிகளை வாங்கித் தம் கையாலேயே சோதித்து எழுதிய அத்தளத்தார், சோதனையே செய்யாத பெரும் பத்திரிகைகளின் பரிந்துரைகள் தேடுபொறியில் தமக்கு மேலே வைக்கப்படுகின்றன என்று 2024 பிப்ரவரியில் முறையிட்டனர். தேடலின் வழியே வந்த வாசகரில் பத்தில் ஒன்பது பங்கினரை இழந்துவிட்டதாக அவ்வாண்டு மே மாதத்தில் எழுதினர். உழைப்பு இருந்தும், நேர்மை இருந்தும், வாசல் அடைபட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், கேட்ட வினாவுக்குச் செயற்கை அறிவு எழுதிய விடையைத் தேடுபொறியின் உச்சியிலேயே காட்டும் முறை இந்தியாவுக்கும் வந்தது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால், எழுதியவர் வீட்டுக்குள் எவர் நுழைவர்?

இவ்வளவும் அறிந்த பிறகும் தொடங்கலாமா என்று கேட்டால், தொடங்கலாம் என்றே கூறுவோம். பொதுவாகச் சொல்லக்கூடியவற்றை இயந்திரம் நொடியில் சொல்லிவிடும். அவற்றை எழுதுவதில் இனிப் பொருளில்லை. நேரில் செய்து பார்த்தவருக்கு மட்டுமே தெரிந்தவை எஞ்சி நிற்கின்றன. முன்னே கூறிய தோசைமாவையே எடுத்துக்கொள்வோம். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் 30 டிகிரி அளவில் நன்கு பெருகுவன. ஜனவரி மாதத்து டில்லியில் இரவு வெப்பம் 5 அல்லது 6 டிகிரிக்கு இறங்குவதுண்டு. 'வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவும்' என்று எவரும் எழுதிவிடலாம். அடுக்களையில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, கம்பளியில் சுற்றி வைத்த பாத்திரம் எத்தனை மணி நேரம் எடுத்துக்கொண்டது, விளக்கு எரியும் அடுப்புப் பெட்டிக்குள் வைத்தது எத்தனை மணி நேரம், கடைத்தெருவில் கிடைத்த புழுங்கலரிசியில் எது பொங்கியது, எது பொங்கவில்லை என்று நாற்பது இரவுகள் குறித்து வைத்து, நிழற்படத்தோடு வெளியிடுபவரை நாடிச் சண்டிகரிலிருந்தும் லக்னோவிலிருந்தும் நம்மவர் வருவர். ஒரு முறை வந்தவர் தளத்தின் பெயரை நினைவில் வைத்து மறுமுறை நேரே வருவர்; அவர்களுக்குத் தேடுபொறியின் தயவு வேண்டுவதில்லை. அத்தகையோருக்கு மின்னஞ்சலில் மாதம் ஒரு மடல் அனுப்பும் வழக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே கைக்கொள்ளுதல் நன்று. அம்முகவரிப் பட்டியல் ஒன்றே தளத்தாருக்கு முழுதும் சொந்தமான செல்வம்.

நம் வாழ்க்கையில் இவ்வாறான குளங்கள் பல கிடக்கின்றன. வடக்கே வாழும் குடும்பம் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கொண்டாடும் நம் தீபாவளிக்கும், மாலையில் இலக்குமி பூசை செய்யும் அண்டை வீட்டாரின் தீபாவளிக்கும் நாள் வேறுபடும் ஆண்டுகளில் எந்நாளில் விடுப்பு எடுப்பது. குழந்தைக்குத் தமிழை ஒரு பாடமாகக் கற்பிக்கும் பள்ளி எங்கே. வாழையிலையும் மாவிலையும் எச்சந்தையில் கிடைக்கும் என்பன போன்றவை சிறு வினாக்களே. புதிதாக வந்து இறங்கிய குடும்பத்திற்கு அவை சிறியன அல்ல. இவற்றுக்கு விடை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கின்றனர். அவ்வறிவு பெரும்பாலும் எழுத்தில் இல்லை.

எழுதியதோடு வேலை முடிவதில்லை. பக்கம் பழசாகும். தொலைதூர இரயில்களில் 120 நாட்களுக்கு முன்னரே இடம் பதியலாம் என்றிருந்த விதி, 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து 60 நாட்கள் என்று மாறிற்று. பழைய எண்ணையே தாங்கி நிற்கும் பக்கத்தை நம்பிப் பொங்கலுக்கு ஊர் செல்லத் திட்டமிடும் குடும்பம் இடர்ப்படும். ஐம்பது பக்கங்களுக்கு மேல் ஒருவரால் செவ்வையாகக் காத்தல் அரிது என்பது நம் கருத்து. மருந்தைப் பற்றியும் முதலீட்டைப் பற்றியும் பயிற்சியில்லாதோர் எழுதவே வேண்டா. தரகு பெறும் பொருளைப் புகழும்போது தரகு பெறுவதை அப்பக்கத்திலேயே வெளிப்படையாகக் கூறுதல் கடமை. பிறர் எழுத்தையும் படத்தையும் அனுமதியின்றி எடுத்தாளுவது பொதுவாக 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானது.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்று ஐயுறுவோர் பலர். 2018 முதல் ஆட்சென்ஸ் தமிழையும் ஏற்கின்றது. தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பரத் தொகை குறைவு, போட்டியும் குறைவு. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவர், படிக்க மாட்டார். அவர்களும் வாசகராக வேண்டுமாயின் இரு மொழியிலும் எழுத வேண்டியிருக்கும்.

மத்திய அரசுப் பணியில் இருப்போர் 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளை ஒரு முறை புரட்டிப் பார்த்தல் நலம். முன் அனுமதியின்றி வாணிகம் செய்தலை அவை தடுக்கின்றன; மனைவியோ குடும்பத்தில் பிறரோ வாணிகமோ தரகு முகமையோ நடத்தினால் அதனை அரசுக்குத் தெரிவிக்குமாறும் அவை பணிக்கின்றன. வருமானம் சிறிதாயினும் வருமான வரிக் கணக்கில் காட்டியே ஆகவேண்டும். சில மாதங்களில் இலட்சம் ஈட்டக் கற்பிப்பதாகக் கூறிப் பல்லாயிரம் கட்டணம் கேட்கும் பயிற்சியாளரைப் பற்றி ஒன்றே சொல்லுவோம்: அவர்கள் ஈட்டுவது பெரும்பாலும் அக்கட்டணத்தையே.

மாற்றலாகி ஊரை விட்டுச் செல்லும்போது, அவ்வூரைப் பற்றிய தளத்தை அங்கேயே தங்கும் நண்பரிடம் ஒப்படைத்துச் செல்லலாம். தளப்பெயரை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றித் தர வழியுண்டு. ஆட்சென்ஸ் கணக்கை மட்டும் கைம்மாற்ற இயலாது. ஏற்பவர் தம் பெயரில் புதிதாகத் தொடங்க வேண்டும். பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாளையும், கடவுச்சொற்களையும், வாசகர் முகவரிப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுதல் வேண்டும்.