மோட்டார் சைக்கிளின் சிறு திருகாணி

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவானவை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியிலும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் செல்லும் வீதியிலும் நெல்மூட்டையையும் மண்வெட்டியையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்து செல்வது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளே. அவ்வண்டி சந்திக்குச் சந்தி அணைந்து போகுமாயின் அதற்குரியவர் முதலிற் செய்வது, காபரேற்றரின் ஓரத்திலுள்ள சிறு திருகாணியை ஸ்குரூ டிரைவர் கொண்டு திருகுவதாகும். திருகுவதில் தவறில்லை. ஆயின் அத்திருகாணி எதனை ஆள்கின்றது என்று அறிந்து திருகுதல் வேண்டும்.

காபரேற்றரின் தொழில் எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டுதல். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெற்றோல் மிகுந்தால் புகையும் கரியும் உண்டாகும். காற்று மிகுந்தால் எஞ்சின் திணறும், சூடேறும். கைபிடியைத் திருகாது விட்டிருக்கும்போது காபரேற்றரின் பெருவழி அனேகமாக மூடியே இருக்கும். அவ்வேளையில் எஞ்சினை உயிரோடு வைத்திருப்பது ஊசித்துளை போன்றதொரு சிறுவழி. தொழிலாளர் ஐடிலிங் என்று கூறும் அந்நிலைக்குரிய கலவையை அளந்து விடுவதே இத்திருகாணியின் வேலை. கைபிடியைக் கால்வாசிக்கு மேல் திருகி ஓடும்போது அதன் ஆட்சி பெரிதும் குறைந்துவிடும். ஆகவே நெடுவீதியில் வண்டி பெற்றோலை அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதற்கு இத்திருகாணி ஒன்றையே குற்றம் சொல்வது பொருந்தாது.

கலவையின் அருமையை வன்னி மக்கள் கற்றுக்கொண்ட காலம் ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர், வடக்கே கொண்டு செல்லத் தடை செய்யப்பட்ட பொருள்களுள் பெற்றோலும் ஒன்றாயிற்று. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதற்கும் வண்டி ஓடியே ஆகவேண்டும். எனவே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். யப்பானில் தபாற்காரருக்கென்று செய்யப்பட்ட ஹொண்டா எம்.டி. 90 என்னும் வண்டியும் இங்கே மண்ணெண்ணெயைக் குடித்து ஓடியது. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் அதனைப் பொறுப்பேற்கும்.

பெற்றோமக்ஸ் விளக்கை ஏற்றியவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். முதலில் ஸ்பிரிட்டை எரித்துக் குழாயைச் சூடாக்காவிடில் அதிலுள்ள மண்ணெண்ணெய் ஆவியாகாது. பெற்றோல் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 150 பாகை வேண்டும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடிய உழவு இயந்திரங்களும் பெற்றோலிலே தொடங்கிச் சூடேறிய பின்னரே அதற்கு மாறின. முல்லைத்தீவுக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களுக்கும் முறை இதுவே.

இவற்றுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உழவு இயந்திரத்தை அவ்வெண்ணெய்க்கென்றே அமைத்தார்கள். அதன் அமுக்க விகிதத்தைக் குறைத்து, கலவை செல்லும் வழியையும் சூடாக்கினார்கள். மோட்டார் சைக்கிள் பெற்றோலுக்கென்று பிறந்தது. அதிலும் ஐடிலிங் நிலையில் காற்றோட்டம் மெதுவானது, சூடும் குறைவு. மண்ணெண்ணெய் துளியாகவே உள்ளே விழும். எஞ்சின் நின்றுவிடாதிருக்கக் கைபிடியைச் சற்றுத் திருகியே வைத்திருக்கவேண்டும், கலவையையும் தடிப்பாக்கவேண்டும். அப்படித் தடிப்பாக்கிய கலவையில் எரியாது எஞ்சியது சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. வெண்புகையைக் கண்டு சலித்துக்கொண்டவர்கள் உள்ளே நிகழ்ந்த இத்தேய்மானத்தைக் காணவில்லை. கண்டிருந்தாலும் வேறு வழி இருந்ததா என்பது வேறு கேள்வி.

2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்தது. 2022 இல் நாடு முழுவதையும் எரிபொருட் பஞ்சம் பிடித்தபோது, கியூ.ஆர். அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்கு முதலிற் கிடைத்தது வாரம் 4 லீற்றர் பெற்றோல். அளந்து கிடைத்த பொருளைப் புகையாக விடாதிருக்கச் சிறு திருகாணியும் தன்னாலியன்றதைச் செய்யும்.

இனிச் செய்முறை. காபரேற்றரில் வெளியே தெரியும் திருகாணிகள் வழக்கமாக இரண்டு. பெரியது ஐடிலிங் வேகத்துக்குரியது. மற்றையது சிறியது, பித்தளையால் ஆனது, சில வண்டிகளில் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். கட்டையான ஸ்குரூ டிரைவர் இல்லாமல் அதனைத் தொடுவது கடினம். அது வடிகட்டிப் பக்கத்தில் அமைந்திருந்தால் காற்றை அளப்பது. உள்ளே திருகினால் கலவை தடிக்கும். எஞ்சின் பக்கத்தில் அமைந்திருந்தால் கலவையையே அளப்பது. உள்ளே திருகினால் மெலியும். பலர் வழுக்கும் இடம் இதுவே. ஒரு வண்டிக்குச் சரியான திசை இன்னொன்றுக்கு நேர்மாறாக இருக்கலாம்.

திருகுமுன் எஞ்சின் நன்றாகச் சூடேறவேண்டும். 10 நிமிட ஓட்டம் போதும். பின்னர் எஞ்சினை அணைத்து, திருகாணியை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும். முட்டியபின் இறுக்கலாகாது. அதன் கூர்நுனி நசுங்கினால் பின்னர் எந்த அளவும் நில்லாது. மறுபடி அதே அளவுக்கு வெளியே எடுத்து எஞ்சினை இயக்கவேண்டும். பழைய அளவு தெரியாவிடில் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். அதன்பின் கால்சுற்றுக் கால்சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுத்துச் செவிகொடுத்தல் வேண்டும். எஞ்சினின் ஓசை எவ்விடத்தில் மிக விரைவாகவும் ஒழுங்காகவும் கேட்கின்றதோ அதுவே உரிய இடம். அங்கே நிறுத்தி, பெரிய திருகாணியால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 100 சி.சி. வண்டிகள் பலவற்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று ஏற்றது. கைபிடியைச் சடுதியாகத் திருகி விட்டுப் பார்க்கும்போது வேகம் இறங்கத் தயங்கினால் கலவை மெலிவு. புகைக்குழாயிற் கரி படிந்தால் தடிப்பு. இவ்வேலையை மூடிய கொட்டிலுக்குள் செய்வது ஆபத்தானது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு மணமின்றியே உயிரைக் கொள்ளும்.

எப்பக்கம் திருகினும் எஞ்சின் மாறுபாடு எதனையும் காட்டாதாயின் திருகுவதை நிறுத்திவிடவேண்டும். குறை வேறிடத்தில் இருக்கின்றது. வன்னியில் அது பெரும்பாலும் புழுதியாகவோ நீராகவோ இருக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் செம்மண் தூள் காற்று வடிகட்டியை அடைத்துவிடும். அடைத்தால் கலவை தானே தடிக்கும். மாரியில் எரிபொருளோடு சேர்ந்த நீர் காபரேற்றரின் அடிக்கிண்ணத்திலே தங்கும். கிண்ணத்தின் வடிகுழாயைத் திறந்து அதனை வெளியேற்றி, சிறு ஜெற்றின் துளையைக் காற்றால் ஊதித் துப்புரவாக்கவேண்டும். துளைக்குள் கம்பியைச் செலுத்துவது தீது, அளவு பெருத்துவிடும். காபரேற்றரை எஞ்சினோடு இணைக்கும் றப்பர் வெடித்திருந்தாலும் அவ்வழியே புகும் காற்றை எத்திருகாணியாலும் ஈடுசெய்ய இயலாது.

புதிய வண்டிகளில் எரிபொருளை மின்னணுக் கருவியே அளந்து பீச்சுவதால் இத்திருகாணிக்கு இடமில்லை. இடைக்காலத்து வண்டிகள் சிலவற்றில் புகைச் சட்டங்களின் பொருட்டு அதனை மூடியிட்டு அடைத்திருப்பார்கள். ஆயினும் 2020 முதற் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய காபரேற்றர் வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றை விலைக்கு வாங்குவோர், திருகாணியின் தலையிலுள்ள வெட்டு சிதைந்திருக்கின்றதா என்று முதலிற் பார்த்துக்கொள்வது நன்று. சிதைந்திருந்தால், அறியாத கைகள் பல அதனைத் திருகியிருக்கின்றன என்பது பொருள்.