ஏடும் இணையமும் – 11: ஒரு வரிக்கு ஒரு முகவரி

ஓலைச்சுவடியைத் திரையில் காட்டுவது அவ்வளவு எளிதல்ல. ஏறக்குறைய ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம் கொண்டது ஏடு. முழு ஏட்டையும் ஒரே பார்வையில் காட்டினால் எழுத்து தெரியாது. எழுத்து தெரியும்படி பெரிதாக்கினால் ஏடு திரைக்கு வெளியே போய்விடும். பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். பதிப்பாசிரியர் ஒரு சொல்லை முடிவு செய்ய, அது எழுத்தாணிக் கீறலா, பூச்சி அரித்த தடமா என்று உற்றுப் பார்த்தாக வேண்டும். படத்தைப் பெரிதாக்கும் வசதி அவருக்கு அலங்காரமல்ல, ஆய்வுக் கருவி.

சென்ற வாரம் ஸ்கேன் செய்வது பற்றிப் பார்த்தோம். எடுத்த படத்தை வாசகரிடம் எப்படிச் சேர்ப்பது என்பது இந்த வாரக் கேள்வி. 8,000 பிக்சல் அகலம், 6,000 பிக்சல் உயரம் உள்ள ஒரு வண்ணப்படம் சுருக்கப்படாத நிலையில் 144 மெகாபைட். அதை முழுதாக அனுப்பத் தேவையில்லை. 512 பிக்சல் சதுரங்களாக வெட்டினால் 192 துண்டுகள் வரும். வாசகரின் திரையை நிரப்ப ஒரு நேரத்தில் இருபது துண்டுகள் வரை போதும். அதே படத்தைப் பாதி அளவில், கால் அளவில், அரைக்கால் அளவில் என்று கோயில் விமானத்தின் தளங்களைப்போல மேலே குறுகிக்கொண்டே போகும் அடுக்குகளாகவும் வைத்திருப்பார்கள். இத்தனை அடுக்குகளுக்கும் கூடுதலாகத் தேவைப்படும் பிக்சல்கள் மூலப்படத்தில் மூன்றில் ஒரு பங்குதான். நாம் நெருங்க நெருங்கக் கீழ்த்தளத்துத் துண்டுகள் வந்து சேர்கின்றன.

இந்த உத்தி பழையது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. 2000-களில் ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு பார்வைக்கருவியை அமைத்துக்கொண்டது. ஒரு நூலகத்தின் படத்தை இன்னொரு நூலகத்தின் கருவி திறக்காது. இரண்டு ஊர்களில் இருக்கும் ஒரே நூலின் பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிட வழியில்லை. ஃபிளாஷ் மென்பொருளை நம்பியிருந்த கருவிகளோ, 2020 இறுதியில் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டதும் செயலற்றுப்போயின. படம் சர்வரில் பத்திரமாக இருந்தும் பார்க்க வாசல் இல்லை. பெரும் பொருட்செலவில் மின்னாக்கம் செய்துவிட்டுப் படத்தை ஒரே ஒரு கருவிக்குள் பூட்டி வைப்பதைப் பாதி வேலை என்றுதான் நான் சொல்வேன்.

2011-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம், பிரிட்டிஷ் நூலகம், பிரான்ஸ் தேசிய நூலகம் முதலியவை கூடிப் பேசத் தொடங்கின. அதன் பயனாக 2012-இல் ஐஐஐஎஃப் என்ற பொதுநெறியின் முதல் பதிப்பு வந்தது. துறையில் இருப்பவர்கள் ‘ட்ரிபிள் ஐ எஃப்’ என்பார்கள். யாரும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. அது விற்பனைக்குள்ள மென்பொருளுமல்ல. படத்தை எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது என்ற உடன்பாடு மட்டுமே.

அதன் மையம் இணைய முகவரியின் அமைப்பு. படத்தின் அடையாள எண்ணுக்குப் பிறகு, சாய்கோடுகளுக்கு இடையே வரிசையாக எந்தப் பகுதி, எந்த அளவு, எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்பவை வரும். கடைசியில் வண்ணமா கறுப்பு வெள்ளையா, எந்தக் கோப்பு வகை என்பது. பகுதிக்குரிய இடத்தில் 2400,300,1600,140 என்று எழுதினால், இடமிருந்து 2,400 பிக்சல், மேலிருந்து 300 பிக்சல் தள்ளித் தொடங்கி, 1,600 அகலமும் 140 உயரமும் உள்ள பட்டை மட்டும் வரும். ஓர் ஏட்டின் ஒரு வரியை இப்படித் தனியே சுட்டலாம். ஒரு பாடத்தை ஏன் ஏற்றேன் என்று எழுதும் ஆய்வாளர் அடிக்குறிப்பில் அந்த முகவரியைக் கொடுத்துவிட்டால், படிப்பவர் அந்த வரியைத் தம் கண்ணாலேயே சரிபார்க்கலாம். சுவடியியலில் இது பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

பல படங்களை ஒரு நூலாக வரிசைப்படுத்த ‘மேனிஃபெஸ்ட்’ என்ற இன்னொரு கோப்பு உண்டு. எந்தப் பக்கத்துக்கு எந்தப் படம், அது எந்தச் சர்வரில் இருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். பக்கங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதன் அருமையைக் காட்ட பிரான்சின் போவே நகரத்து வழிபாட்டு நூலைச் சொல்ல வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோலில் எழுதப்பட்டது, 309 தாள்கள். 1926-இல் லண்டன் ஏலத்தில் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் வாங்கினார். 1942-இல் அது நியூயார்க் வணிகர் ஃபிலிப் டுஷ்னெஸ் கைக்குப் போனது. முழு நூலாக விற்பதைவிடத் தாள் தாளாக விற்றால் லாபம் என்று அவர் அதைப் பிரித்துவிட்டார். மிச்சத்தை கிளீவ்லாந்தின் ஓட்டோ எகெ வாங்கித் தன் பங்குக்கு விற்றார். அறுநூற்றைம்பது ஆண்டுகள் முழுதாக இருந்த நூல் இவர்கள் கையில் சிதறியது. நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

லிசா ஃபேகின் டேவிஸ் என்ற சுவடியியலாளர் அந்தத் தாள்களைப் பல்லாண்டுகளாகத் தேடி, நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கண்டறிந்திருக்கிறார். அவை பல நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் இருக்கின்றன. எந்த நூலகமும் தன் தாளைத் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் ஐஐஐஎஃப் முறையில் படம் தரும் நூலகங்களின் தாள்களை, படத்தை நகலெடுக்காமலேயே, பழைய வரிசையில் அடுத்தடுத்து நிறுத்த முடிகிறது. இதற்கு ஒரு சிறு நிபந்தனை: வேறொரு தளம் தன் படத்தைக் கேட்கும்போது கொடுக்கலாம் என்று சர்வரில் அனுமதி அமைத்திருக்க வேண்டும். அதை மறந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் தாள் வரவேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கும்.

தமிழுக்கும் இதில் நேரடி உறவு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசுப் பணியில் இருந்து 1854-இல் மறைந்த எதுவார் ஆரியேல் சேர்த்த தமிழ்ச் சுவடிகள் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அங்குள்ள சுவடிகளைப் பற்றிய செய்தியை உ.வே.சாமிநாதையர் பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோனின் கடிதங்கள் வழியே அறிந்தார். இன்று அத்தொகுப்பின் சுவடிகள் பல, அந்நூலகத்தின் காலிகா தளத்தில் ஐஐஐஎஃப் முறையிலேயே கிடைக்கின்றன. இங்குள்ள ஒரு பிரதியும் அதே முறையில் கிடைத்தால் இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்க்கலாம். தடை என்னவென்றால், நம் சுவடிகள் பல கறுப்பு வெள்ளைப் பிடிஎஃப் கோப்புகளாக வலையேறுகின்றன. கீறலையும் துளையையும் வேறுபடுத்தும் நிறமும் நுணுக்கமும் அதில் மிஞ்சுவதில்லை.

பணம் இல்லை என்பது முழு உண்மையல்ல. இந்த நெறியில் ‘நிலை 0’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். துண்டுகளை முன்கூட்டியே வெட்டி, சாதாரண இணைய இடத்தில் கோப்புகளாகப் போட்டுவிட்டால் போதும். தனிப் பட சர்வர் வேண்டாம். விரும்பிய பகுதியை விரும்பியபடி வெட்டித்தராது, ஆனால் பெரிதாக்கிப் பார்க்கலாம். வெட்டித்தரும் லிப்விப்ஸ் மென்பொருள் இலவசம். காட்டும் ஓப்பன்சீட்ராகன், மிராடார் இரண்டும் இலவசம். ஒரு சிற்றூர் நூலகம்கூடத் தன் சுவடிகளை இப்படி வெளியிடலாம்.

ஒன்றை மட்டும் இந்த நெறி தராது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் மின்சுவடித் தளம் முடங்கியது. அங்கிருந்த படங்களைச் சுட்டிய முகவரிகளும் பயனற்றுப்போயின. முகவரி நிலைத்திருக்க நூலகங்கள் என்ன செய்கின்றன, பிரான்ஸ் தேசிய நூலகம் பயன்படுத்தும் ‘ஆர்க்’ அடையாள எண் எப்படி வேலை செய்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)