ரோகிணியில் இரும்பு எவ்வளவு?

ஆடிக் கிருத்திகைக்கு விடியுமுன் திருத்தணியில் 365 படி ஏறுபவர்கள், மேகம் வழிவிட்டால், கிழக்கே கார்த்திகைக் கொத்தையும் அதன் கீழே செம்மஞ்சளாய் ரோகிணியையும் பார்க்கலாம். ரோகிணி குளிர்ந்த ராட்சத விண்மீன். குளிர்ச்சி என்றால் சுமார் 3,900 கெல்வின்! சூரியனோ 5,800.

ரோகிணியில் இரும்பு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறங்களை விழுங்கிய தடம். ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இப்படித்தான் விண்மீன்களைப் படிக்கிறது.

கோடு ஆழமானால் தனிமம் அதிகம் என்று அவசரப்படக் கூடாது. வெப்பநிலை மாறினாலே கோடும் மாறும். வெப்பநிலைக்கேற்ப அணுக்கள் எவ்வளவு அயனியாகும் என்று சொல்லும், 1920-இல் இயற்பியலாளர் மேக்நாத் சாகா கண்ட சமன்பாடு இங்கேதான் கைகொடுக்கிறது. குளிர்ந்த விண்மீனில் மூலக்கூறுகளும் சிதையாமல் பிழைத்து, காவடிக் கூட்டம்போல் கோடுகளை நெருக்கும். அதனால் கணினியில் மாதிரி நிறமாலை தயாரித்து, இரும்பைக் கூட்டிக் குறைத்து, அசலோடு ஒட்டும்வரை பொருத்திப் பார்க்கிறார்கள்.