லேப்டாப் ரிப்பேரா? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி மாடலைப் பாருங்க

லேப்டாப் ரிப்பேர் செலவு எதிர்பாராம வர்றது. ஆனா அது டபுள் ஆகுறதை நாம தடுக்கலாம்.

நம்ம காரைக்குடியில பல பேர் கடைக்குப் போய் "அண்ணே, இது கவர்மென்ட் லேப்டாப்"னுதான் சொல்றாங்க. அது மாடல் பேரே கிடையாது. 2011-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல லெனோவாவும் வந்துச்சு, ஏசரும் வந்துச்சு. காசு கொடுத்து வாங்கினதும் இதே கதைதான். 'ஐடியாபேட் 3'ங்கிற ஒரே பேர்ல 81டபிள்யூஇ இன்டெல் 10-வது ஜென், 82எச்8 11-வது ஜென். 2020 மேக்புக் ஏர்ல ஏ2179-ன்னா இன்டெல், ஏ2337-ன்னா எம்1. ரெண்டுக்கும் போர்டே வேற.

சின்ன ஊர்ல எல்லா பார்ட்ஸும் ஸ்டாக்ல இருக்காது. மதுரையில இருந்தோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்தோ வரவழைக்கணும். தப்பான பார்ட் வந்தா போக வர பார்சல் செலவு யார் தலையில விழும்? ரிட்டர்ன் எடுக்கலைன்னா அட்வான்ஸும் போச்சு. வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்கிறவங்களுக்கு லீவு வேற.

லேப்டாப் ஆன் ஆகுதுன்னா, விண்டோஸ் சர்ச்ல 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்'னு தேடித் திறங்க. சிஸ்டம் மாடல், சிஸ்டம் எஸ்கேயூ ரெண்டையும் போட்டோ எடுத்துக்கோங்க. ஆன் ஆகலையா? அடிப்பக்கம் பாருங்க: டெல்லுக்கு 7 எழுத்து சர்வீஸ் டேக், எச்பிக்கு புராடக்ட் நம்பர், லெனோவாவுக்கு எம்டிஎம். எழுத்து அழிஞ்சிருந்தா வாங்கின பில்லைத் தேடுங்க. கீபோர்டு பக்கத்துல ஒட்டியிருக்கிற 'ஐ5' ஸ்டிக்கர் பிராசஸரோட பேரு, அதை வெச்சு பார்ட் கேட்காதீங்க.

கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்ல போட்டு வாரண்டி இருக்கான்னு பார்த்துடுங்க. பெரிய மிச்சம் இங்கதான்.

டிஸ்ப்ளே உடைஞ்சிருந்தா மட்டும் மாடல் நம்பர் போதாது. ஒரே மாடல்லயே 30 பின் பேனலும் வரும், 40 பின்னும் வரும். கழட்டி, பேனலுக்குப் பின்னாடி இருக்கிற நம்பரைப் பார்த்துட்டு ஆர்டர் போடச் சொல்லுங்க.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்னா வெளிக்கடைக்கே கொண்டு போகாதீங்க, ஐடி டீமுக்கு மெயில் போடுங்க. அது கம்பெனி சொத்து.

சொந்த லேப்டாப்புக்கு எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்ல வாங்கிக்கோங்க. மாடல், பார்ட் நம்பர், விலை, பார்ட் வாரண்டி, பொருந்தலைன்னா அட்வான்ஸ் திரும்ப வருமா... இத்தனையும் அதுல இருக்கணும். அதுக்கு அப்புறம் ஜிபே பண்ணுங்க.